ஊர் போச்சு, விமானம் வந்துச்சு

கனடாவில் சாஸ்கட்செவன் மாகாணத்தின் வடகோடியில் யுரேனியம் சிட்டி என்று ஓர் ஊர். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது பாருங்கள்! 1950-களின் தொடக்கத்தில், எல்டொராடோ என்ற அரசு நிறுவனத்தின் பீவர்லாட்ஜ் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகண்ணி எல்லாம் வந்தது. இங்கே வேலையில் மேலே வர, ஊரிலேயே குடும்பத்தோடு தங்கி, சர்வீஸ் போட்டால் போதும் என்று நம்பலாம்.

1981 டிசம்பரில் வந்தது அறிவிப்பு. அடுத்த ஜூனில் சுரங்கம் மூடல். அவ்வளவுதான்! ஆயிரக்கணக்கில் இருந்த சனம் மூட்டை கட்டியது. 2016 கணக்கெடுப்பில் அங்கே இருந்தது 73 பேர்.

இதற்கு முன்பே, 1975-ல் திறந்த ராபிட் லேக் சுரங்கம் வேறு வழியைப் பிடித்திருந்தது. ஊரே கட்டுவதில்லை, முகாம் மட்டும். ஆட்களை விமானத்தில் கூட்டிவந்து, வேலை முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவது. 1980-ல் கிளஃப் லேக், 1983-ல் கீ லேக் என்று எல்லாம் இதே வழிதான். ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம், தினம் 12 மணி நேர வேலை. அப்புறம் அதே அளவு நாள் வீட்டில்.

கம்பெனிக்கு லாபம் புரிகிறது. மூடும்போது கைவிட ஊர் இல்லையே! தொழிலாளிக்கு என்ன?

வடக்கே வாழும் டெனே, கிரீ, மேட்டி மக்களுக்கு வேலை தரவேண்டும் என்று மாகாண அரசு நில ஒப்பந்தங்களிலேயே எழுதி வைத்தது. லா ரோஞ்ச் போன்ற ஊர்களிலேயே விமானம் வந்து ஏற்றிக்கொண்டது. ஆனால் முதலில் பலருக்கும் கிடைத்தது சமையல்கூடம், துப்புரவு, லாரி ஓட்டுவது மாதிரி வேலைகள். எலெக்ட்ரீஷியன், மெக்கானிக் ஆகணும்னா பள்ளிப்படிப்பு வேணும், பயிற்சி மணிக்கணக்கு வேணும், வகுப்பும் போகணும். அதற்காகத்தான் 1993-ல் அரசும் கம்பெனிகளும் வடக்கு மக்களின் அமைப்புகளும் கூட்டாகப் பயிற்சித் திட்டம் போட்டார்கள். அந்த வகுப்புக்கும் பெரும்பாலும் வாரக்கணக்கில் வீட்டை விட்டுத்தான் போகணும். பிள்ளை வளர்வதைப் பாதிதான் பார்க்கலாம்.

ஆனாலும் அந்தச் சான்றிதழில்தான் விஷயமே இருக்கிறது. கனடாவில் 'ரெட் சீல்' தேர்வு எழுதித் தேறிய மெக்கானிக்கை எந்த மாகாணத்திலும் ஏற்றுக்கொள்வார்கள். 2018-ல் யுரேனியம் விலை சரிந்து மெக்கார்தர் ரிவரும் கீ லேக்கும் நின்றபோது நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. 2022-ல்தான் மறுபடி ஓடின. அந்த நாலு வருஷம், ஒரே முகாமில் போட்ட சர்வீஸை மட்டும் வைத்திருந்தவரும், கையில் சான்றிதழ் வைத்திருந்தவரும் ஒரே நிலையில் இருந்திருக்க முடியாது.

பழைய ஊரில் பதவி உயர்வு சுரங்கத்தோடு கட்டிப்போட்டிருந்தது. விமானம் ஏறி வேலைக்குப் போகிறவன், தன் உயர்வையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போகத் தெரிந்திருக்கணும். நீங்க என்ன நினைக்கறீங்க?