சாராயம் குடித்த கார்கள்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ஏதாவது ஒரு பட்டாசுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இறுக்கிச் சுற்றிய காகிதத்துக்குள் காற்று ஏது, வெடி எப்படி எரிகிறது? ‘‘அதான் வெடியுப்பு இருக்குல்ல சார்!’’ என்பார். கந்தகமும் அலுமினியப் பவுடரும் எரியத் தேவையான ஆக்ஸிஜனை அந்த உப்பே மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடுகிறது.

எத்தனாலும் கொஞ்சம் அந்த ஜாதிதான். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜன். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோல் தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். பிறகு ரேஸ்காரர்கள் ஏன் இதன் பின்னால் ஓடினார்கள்? ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்குமே, அதுதான் ரகசியம். ஆல்கஹால் ஆவியாகும்போது உள்ளே போகிற காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இன்ஜினுக்குள் நிறையத் திணிக்கலாம். எவ்வளவு அமுக்கினாலும் லேசில் ‘நாக்கிங்’ வராது.

இதற்கான விலை என்ன என்பதை உலகம் 1951 ஜூலை 14 அன்று பார்த்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் மைதானம். ஆல்ஃபா ரோமியோ 159 காரின் இன்ஜின் வெறும் ஒன்றரை லிட்டர்தான். சக்தியோ 400 குதிரைகளுக்கு மேல்! உபயம்: சூப்பர்சார்ஜர், அப்புறம் எத்தனாலின் பங்காளியான மெத்தனால். (பங்காளி என்றாலும் கொடிய விஷம். கள்ளச்சாராயச் சாவுகளில் அடிபடும் பெயர்.) அந்த கார் ஒரு லிட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாது! ஃபேஞ்சியோ பெரிய டாங்க்கோடு கிளம்பியும் நடுவில் நின்று நிரப்ப வேண்டியிருந்தது. ஃபெராரியில் வந்த கொன்சாலெஸின் நாலரை லிட்டர் இன்ஜினுக்கோ சூப்பர்சார்ஜரும் இல்லை, அவ்வளவு தாகமும் இல்லை. 51 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தது ஃபெராரி. 1950-ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து, கலந்துகொண்ட ஒவ்வொரு பந்தயத்தையும் வென்றுவந்த ஆல்ஃபாவுக்கு அதுதான் முதல் தோல்வி.

அமெரிக்காவின் இண்டி கார்கள் 2007-ல் முழுக்க எத்தனாலுக்கு மாறின.

இன்றைக்கும் கணக்கு அதேதான். வேகமான காரை எத்தனாலுக்கு மாற்றும் மெக்கானிக் முதலில் தொடுவது இன்ஜினை அல்ல, எண்ணெய் போகிற பாதையை. சுத்த எத்தனால் என்றால் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்கு உள்ளே போயாக வேண்டும். பெரிய பம்ப், அகலமான இன்ஜெக்டர், ஆல்கஹால் தாங்கும் ஹோஸ், பிறகு கம்ப்யூட்டரில் புது அளவு. பம்ப் திணறி எரிபொருள் குறைந்தால், முழு வேகத்தில் பிஸ்டனே உருகிவிடும். மருந்துக் கலவையில் அளவு தப்பினால் என்ன நடக்கும் என்று சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கும் இது புதுசு இல்லை. பெட்ரோலில் ஆல்கஹால் கலக்க 1948-லேயே சட்டம் போட்டோம். 2003-ல் 5 சதவீதம், 2022-ல் 10, 2025-ல் 20. ரேஸ்காரர் பம்பை மாற்றினார், பலன் கண்டார். நமக்கு பங்க்கில் பெட்ரோல் மட்டும் மாறியது, வண்டி மாறவில்லை. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது.

உங்கள் வண்டி 2023 ஏப்ரலுக்கு முந்தியதா? அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். உப்பியோ, விரிசல் விட்டோ இருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.