சீகிரிச் சுவரும் பகிர்கோப்புறையும்

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றின் மேற்புறத்தே, முதலாம் காசியப்பன் (கி.பி. 477 – 495) காலத்து நடைபாதையின் ஓரமாக, பளபளக்கும் சாந்து பூசப்பெற்ற நெடுஞ்சுவரொன்று நிற்கின்றது. கண்ணாடிச் சுவர் என்பது அதற்கு வழங்கும் பெயர். மன்னன் மாய்ந்து மாளிகை பாழுற்ற பின்னர், அக்குன்றினைக் காண வந்தோர் பலர், பாறையில் தீட்டப்பெற்ற மங்கையரைக் கண்டு வியந்து, தம் உள்ளத் தெழுந்தவற்றைச் செய்யுளாக்கி அச்சாந்தின்மேற் கீறிச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலானவை எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. நாளடைவில் எழுத்தின் வடிவம் மாறிற்று. சுவர் நின்ற இடத்திலேயே நின்றது, கீறல்களும் அழியவில்லை, ஆயினும் காண்போர்க்கு அவை வெறுங் கோடுகளாயின. சேனரத் பரணவிதான பல்லாண்டு முயன்று 685 செய்யுள்களைப் படித்து, 1956ஆம் ஆண்டு இரு தொகுதிகளாக வெளியிட்ட பின்னரே அச்சுவர் மீண்டும் வாய் திறந்தது.

பொருள் பொதுவிடத்தில் உள்ளது, காணும் உரிமையும் உள்ளது, எனினும் காண இயலவில்லை என்னும் இந்நிலை, கணினிகளை இணைத்து வைத்திருக்கும் பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் இன்று நாடோறும் நேர்வது. சீகிரியா போன்றதொரு தொல்லிடத்தின் படங்களையும் குறிப்புகளையும் திரட்டி வைக்கும் ஓரலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஒரு மேசையில் விண்டோஸ், மற்றொன்றில் மாக், மூலையிலுள்ள சேமிப்புக் கணினியில் லினக்ஸ் என மூன்று பணிசெயல் முறைமைகள் அங்கு இயங்குகின்றன. நேற்றுவரை வலையமைப்புப் பட்டியலில் தோன்றிய பகிர்கோப்புறை இன்று தோன்றவில்லை. கோப்புகள் தொலைந்தன என்று ஒருவர் துயருறுகின்றார். மற்றொருவர் தம்மிடமுள்ள பிரதியைச் சிறு நினைவகத்தில் ஏற்றிக் கைக்குக் கை கொடுக்கின்றார். சில திங்களுள் ஒரே ஆவணத்துக்குப் பத்துப் பிரதிகள் உண்டாகி, மூலம் எது, திருத்தம் எது என்று அறிய வழியின்றிப் போகின்றது. ஆவணத்தை நம்பி வாழும் வரலாற்றுத் துறைக்கு இது சிறு தீங்கன்று. இவ்விடர் எங்ஙனம் தோன்றிற்றென்பதை அறிய நாற்பதாண்டு வரலாற்றைப் பின்னோக்கிக் காணல் வேண்டும்.

1983ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கணினிகளை இணைத்தற்பொருட்டு, சைற்றெக் என்னும் நிறுவனம் நெற்பயோஸ் என்னும் முறையை அமைத்தது. ஒவ்வொரு கணினியும் தனக்கொரு பெயரைச் சூட்டி, அப்பெயரை அண்டையிலுள்ள யாவர்க்கும் கூவி அறிவிக்கும். பெயருக்கு இடம் பதினைந்து எழுத்துகளே. பதினாறாவது இடம் அக்கணினி செய்யும் பணியைச் சுட்டும். அதே காலத்தில், ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய பரி பைகன்பாம் என்பவர், ஒரு கணினியின் கோப்பை மற்றொரு கணினி தன் கோப்பேபோல் திறப்பதற்கான எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையை வகுத்தார். மைக்ரோசொப்ற் நிறுவனம் அதனை ஏற்று வளர்த்தது. சன் நிறுவனம் தன் யுனிக்ஸ் கணினிகளுக்கு 1984இல் என்.எப்.எஸ். என்பதை ஆக்கியது, அப்பிள் நிறுவனம் 1985இல் அப்பிள்ரோக் என்பதை வெளியிட்டது. ஒவ்வொரு குடியும் தன் வேலிக்குள் தன் மொழியையே பேசிற்று. அயலான் வந்து கதவைத் தட்டுவான் என்று அக்காலத்து எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

1992இல் வெளிவந்த விண்டோஸ் பணிக்குழுப் பதிப்பு, அண்டைக் கணினிகளின் பெயர்களைப் பட்டியலாகக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியது. அப்பட்டியல் உருவாகும் விதம் வியப்புக்குரியது. வலையமைப்பிலுள்ள கணினிகள் தமக்குள் ஒரு தேர்தல் நடத்தும். வென்ற கணினி தலைமை ஏற்றுப் பெயர்ப்பட்டியலைக் காக்கும். துணைக் கணினி பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அதனைப் பார்த்துப் பிரதி எடுக்கும். ஏனையவை பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை தம் இருப்பை உரைக்கும். மூன்று முறை குரல் கேளாதாயின் அப்பெயர் நீக்கப்படும். ஆகவே அணைந்துபோன கணினியொன்று 51 நிமிடங்கள் வரை பட்டியலில் உயிருடன் இருத்தல் கூடும். புதிதாக விழித்த கணினியோ, வேலைக்கு அணியமாக இருந்தும், துணைக் கணினியின் பட்டியலிற் சிறிது நேரம் தோன்றாதிருத்தலும் கூடும். பட்டியல் வேறு, பொருள் வேறு என்பது இங்கு நன்கு விளங்கும். அக்காலத்தே ‘நேற்று இருந்தது, இன்று காணோம், நாளை வரலாம்’ என்று அலுத்துக்கொண்ட பணியாளர்கள் இந்தத் தேர்தலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

வேலியைக் கடந்தவர் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்றூ றிட்ஜெல். 1991ஆம் ஆண்டின் இறுதியில், தம் சிறு கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் வட்டைத் திறக்க விரும்பிய அவர், டி.இ.சி. நிறுவனத்தின் மென்பொருள் பேசிய மொழியின் இலக்கணம் கையிலில்லாமையால், கம்பி வழியே செல்லும் செய்திகளை ஒற்றுக் கேட்டு, இன்ன கேள்விக்கு இன்ன விடை என்று குறித்து, தாமே ஒரு சேவையகத்தை எழுதினார். 1992 சனவரியில் அதன் முதற் பதிப்பை வெளியிட்டார். மொழி அறியாத ஊரில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, பரிமாறுவோர் பேச்சைக் கேட்டு மொழி பயில்வதற்குத் தம் முறையைப் பின்னாளில் அவர் ஒப்பிட்டார். கல்லெழுத்துப் படிப்போர் தெரிந்த எழுத்தைக்கொண்டு தெரியாத எழுத்தைத் துணிவதும் இவ்வினத்ததே. தாம் கற்றது மைக்ரோசொப்ற்றின் மொழியுமாகும் என்பது ஏறத்தாழ ஈராண்டு கழிந்த பின்னரே அவருக்குத் தெரியவந்தது.

முதலில் இட்ட பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு மோதவே, எஸ், எம், பி என்னும் எழுத்துகள் முறையே வரும் சொற்களை அகராதிக் கோப்பொன்றிற் கணினியைக்கொண்டே தேடுவித்தார். சல்மன்பெரி என்னும் பழப்பெயரும் சம்பா என்னும் நடனப் பெயரும் அகப்பட்டன. 1994இல் சம்பா என்பதே நிலைத்தது. நல்ல வேளை, பழப்பெயர் வெல்லவில்லை. (நம்மவர்க்குச் சம்பா நெல்லையே நினைவூட்டும், அதனாற் குற்றமில்லை.)

சம்பாவைக் கற்ற லினக்ஸ் கணினி மேற்கூறிய தேர்தலிலும் நின்றது. விண்டோஸ் என்.ரி. சேவையகத்தின் தகுதி எண் 32. சம்பாவை அமைப்போர் அதனினும் உயர்ந்த எண்ணை எழுதினால் லினக்ஸே தலைமை பெறும். எனினும் வீட்டுக்காரர் வழக்கத்தை மாற்றும்போதெல்லாம் விருந்தாளி தடுமாறினார். 1997, 1998இல் விண்டோஸ் மறைகுறியிட்ட கடவுச்சொல்லையே அனுப்பத் தொடங்கியபோது பழைய சம்பாக் கணினிகள் பலவற்றின் கதவுகள் திறக்கவில்லை. இலக்கணத்தை வெளியிடுக என ஐரோப்பிய ஆணைக்குழு 2004இல் மைக்ரோசொப்ற்றுக்கு ஆணையிட்டு 497 மில்லியன் யூரோ தண்டமும் விதித்தது. 2007 செப்ரெம்பரில் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு திசெம்பரில் 10,000 யூரோ செலுத்திச் சம்பாக் குழுவினர் சார்பில் அந்த ஆவணங்கள் பெறப்பட்டன. பதினாறாண்டு ஒற்றுக்கேட்டுக் கற்றதற்கு அன்றே நூல் கிடைத்தது.

இனி, பட்டியல் மறைந்த வரலாறு. 2017 மே 12ஆம் நாள் வொனக்கிறை என்னும் தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பிலிருந்த ஓட்டை வழியே புகுந்து, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரித்தானியாவில் மருத்துவமனைகளே நிலைகுலைந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தும், அதனை ஏற்றாதார் பலர். அவ்வாண்டு ஒக்ரோபரில் வந்த விண்டோஸ் 10இன் புதுப்பதிப்பில் முதற் பதிப்பு எஸ்.எம்.பி. நிறுவப்படாது விடப்பட்டது. அதனோடு அதன் தோளிற் சாய்ந்திருந்த பழைய பெயர்ப்பட்டியலும் போயிற்று. சம்பாவும் 2019இல் அதே வழி நின்றது. பழைய தேர்தலின் இடத்தில் விண்டோஸ் வேறொரு கூவல் முறையைக் கைக்கொண்டது. மாக்கோ பொன்ஜோர் என்னும் முறையிற் கூவும். லினக்ஸ் கணினிகள் பல அவாகி என்னும் நிரலால் அதே முறையைப் பின்பற்றும். கோப்பு மொழி மூவருக்கும் ஒன்றாயிற்று. மாக்கும் 2013 முதல் எஸ்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பையே முதன்மையாகக் கொண்டது. பெயர் கூறும் மொழி மட்டும் வேறுபட்டது. கோப்புறை காணாமற்போவதன் காரணங்களுள் முதன்மையானது இதுவே.

ஆகலின் ஆராய்வோர் முதலிற் செய்யற்பாலது பட்டியலை மறப்பது. விண்டோஸில் இரு பின்சாய்கோடுகளையும், மாக், லினக்ஸ் என்பவற்றில் எஸ்.எம்.பி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு முக்காற்புள்ளியையும் இரு சாய்கோடுகளையும் இட்டு, சேமிப்புக் கணினியின் எண்முகவரியை நேரே எழுதுக. கோப்புறை திறந்தால் நோய் பெயரறிவிப்பில் உள்ளது. லினக்ஸ் கணினியில் விண்டோஸின் கூவலைப் பேசும் சிறு நிரலொன்றைச் சேர்த்தால் பெயர் மீளும். விண்டோஸ் தன் வலையமைப்பைப் ‘பொது’ எனக் கருதியிருந்தால் அண்டையாரைக் காட்டாது. அதனைத் ‘தனியார்’ என மாற்றல் வேண்டும். எண்ணாலும் திறவாதாயின் நோய் அனுமதியிலோ தீச்சுவரிலோ உள்ளது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு, கடவுச்சொல்லில்லா விருந்தினர் நுழைவை மறுத்து, ஒப்பமிட்ட செய்திகளையே கோருகின்றது. யாவர்க்கும் திறந்துவிட்ட பழைய கோப்புறைகள் அதன்முன் அடைபடும். அவற்றுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைப்பதே செம்மையான வழி. ‘முதற் பதிப்பை மீண்டும் ஏற்றுக, எல்லாம் தெரியும்’ என்று சிலர் கூறும் மருந்து, பட்டியலை மீட்பதற்காக வொனக்கிறை புகுந்த வாயிலையே மறுபடி திறந்து வைப்பதாகும். பட்டியல் வசதிக்காக அத்துணைப் பெருவிலை கொடுத்தல் தகாது.

கதவு திறந்த பின்னரும் தமிழிற் பெயரிட்ட கோப்புறைகளுக்கு ஓரிடர் எஞ்சும். யுனிகோட்டில் ‘கோ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைச் சுழியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாக்கின் பழைய கோப்பு முறை, எப்படி எழுதினும் பிரித்தே வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் தந்ததைத் தந்தவாறே வைக்கும். மாக்கின் அப்பழைய வட்டொன்றிலிருந்து பொதியாகக் கட்டி லினக்ஸ் வட்டில் இறக்கிய ‘கோயில்’ என்னும் கோப்புறையும், விண்டோஸில் தட்டெழுதிய ‘கோயில்’ என்னும் கோப்புறையும் அருகருகே இரண்டாக நிற்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசைகள் யாவற்றுக்கும் இது பொருந்தும். சிங்களத்தின் ஒகர ஓகாரக் குறிகளும் விலக்கல்ல. 2017 முதல் மாக்கில் வழங்கும் புதிய கோப்பு முறை எழுதியவாறே பெயரை வைத்து, தேடும்போது இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுகின்றது. பழைய வட்டுகளிலிருந்து வந்த பெயர்களை மட்டும், ஒருமுறை லினக்ஸ் கருவியொன்றால் சேர்ந்த வடிவுக்கு மாற்றி வைத்தல் வேண்டும்.