எழுத்துத் திரையும் வீட்டு ரவுட்டரும்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் அன்றைய மெட்ராஸ் உள்ளிட்ட பெருநகரங்களில் இணைய இணைப்பைத் தந்தது. குறைந்த கட்டணத்தில் 'ஷெல் கணக்கு' வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வெறும் எழுத்துத் திரை, படம் கிடையாது. 1992-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லின்க்ஸ் போன்ற உலாவிகளுக்கு அதுவே போதும்.

மற்றவர்களுக்கு அது அரைகுறை இணையம். பார்வையற்றவர்களுக்கோ அதுதான் சரியான வாசல். எழுத்தாக இருப்பதைத் திரைவாசிப்பு மென்பொருள் படித்துச் சொல்லிவிடும். அம்புக்குறி விசைகளாலேயே நகரலாம். புனேயில் பிறந்து 14 வயதில் பார்வையிழந்த டி.வி. ராமன், அதே 1995-இல் ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருளை வெளியிட்டார்.

இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை எங்கும் வீடுகளில் ஃபைபர் இணைப்பு. வைஃபை பாஸ்வேர்டை மாற்ற 192.168.1.1 என்று தட்டினால் வரும் ரவுட்டர் பக்கம் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டை நம்பியிருக்கிறது. லின்க்ஸில் அது இயங்காது. சிலவற்றில் படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்து அடித்தால்தான் உள்ளேயே நுழைய முடியும். ஆகவே பார்வையற்றவர் தன் பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான்.

2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் உள்ள ரவுட்டர்களில் எஸ்.எஸ்.எச். வழியே எழுத்தாலேயே எல்லாவற்றையும் மாற்றலாம். வழி இருக்கிறது; விற்கிறவர்கள்தான் வைப்பதில்லை. அன்றாட மின்னணுப் பொருட்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ரவுட்டரைவிட அன்றாடப் பொருள் இன்று வேறென்ன?