நடுரோட்டில் லாரி, சுத்தி நாலு கல்லு

பிரேக்டவுன் ஆன லாரியை நம்ம ஹைவேயில் எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சுத்தி நாலு கல்லு, பின்னாடி ஒரு வேப்பங்கிளை. அவ்வளவுதான்.

1997-ல் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வேன் ஏறினது அப்படி ஒரு கல்லு மேலதான். ரிப்பேர் முடிஞ்சு லாரி எப்பவோ போயிடுச்சு. கல்லு மட்டும் ரோட்டிலேயே கிடந்தது. முன் சீட்டில் இருந்த சித்தப்பாவுக்கு இடது கால் இன்னைக்கும் சரியா மடங்காது. "கல்லை வெச்சவனுக்கு என்னடா தண்டனை?"ன்னு ஆஸ்பத்திரியில் கேட்டார். அதுக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கதை (நான் வக்கீல் இல்லீங்க!).

வண்டியை ஆபத்தான இடத்தில் விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கு, 81-வது பிரிவு. 1988 சட்டத்தில் அதுவே 122 ஆச்சு. கூடவே 201-வது பிரிவு: பழுதான வண்டி போக்குவரத்தை மறிச்சு நின்னா, நிக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 50 ரூபாய் வரை அபராதம். இழுத்துட்டுப் போற செலவும் ஓனர் தலையில்தான்.

2019-ல் திருத்தம் வந்தது. 50 ரூபாய் 500 ஆச்சுன்னு எல்லாரும் பேசினாங்க. ஆனா 'மணிக்கு' என்கிற வார்த்தை போயிடுச்சு, கவனிச்சீங்களா? பழைய கணக்கிலேயே பத்து மணி நேரம் நின்னா 500 தானே :-) அதில் ஒரு நல்ல விஷயம், எதிர்பாராம பழுதாகி, அகற்றும் வேலை நடந்துக்கிட்டிருந்தா அபராதம் கிடையாது. கிரீஸும் வியர்வையுமா வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிற டிரைவருக்கு இது நியாயம்தான்.

சரி, கல்லு? அதுக்கு மோட்டார் சட்டத்தை விட்டுட்டு 1860-க்குப் போகணும். இந்திய தண்டனைச் சட்டம் 283: பொதுவழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கினா 200 ரூபாய் வரை அபராதம். மாட்டுவண்டிக் காலத்தில் அது பெரிய பணம். அதே 200 ரூபாய் 2024 ஜூன் வரைக்கும் அப்படியே இருந்ததுதான் வேடிக்கை. ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 285-ல் 5,000 வரை ஏத்திட்டாங்க.

சித்தப்பாகிட்ட சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "அதெல்லாம் சரி, கல்லு எந்த லாரிக்காரன் வெச்சதுன்னு எப்படிடா கண்டுபிடிப்பாங்க?"