வடசென்னையின் நிறம்: லேப் விளக்கு முதல் டிஐ அறை வரை

வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ 2007-இல் வந்தது, ‘வட சென்னை’ 2018-இல். இரண்டுக்கும் ஒளிப்பதிவு வேல்ராஜ். இரண்டு கதைகளுக்கும் வடசென்னையின் அடியாள் உலகத்தோடு தொடர்பு உண்டு. முன்னது ஃபிலிமில் பதிவானது, பின்னது டிஜிட்டல் கேமராவில். இடைப்பட்ட 11 ஆண்டுகளில் தமிழ் சினிமாவின் நிறத் திருத்தக் கருவிகள் அடியோடு மாறிவிட்டன. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அப்படியே இருக்க, கருவி மட்டும் மாறிய இப்படியொரு இணை ஆய்வாளருக்கு எளிதில் கிடைக்காது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி திரையில் என்ன நிறத்தில் தெரிந்தது என்பதை, படைப்பாளியின் கண்ணோடு கருவியின் எல்லையும் சேர்ந்துதான் முடிவு செய்தது.

ஃபிலிம் காலத்தில் அந்த எல்லை மிகக் குறுகலானது. பிரசாத், ஜெமினி போன்ற லேப்களில் கிரேடர் நெகட்டிவை ஹேசல்டைன் போன்ற அனலைசரில் ஓட்டி, அதை பாசிட்டிவாகத் திரையில் பார்ப்பார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று விளக்குகளுக்கும் 50 புள்ளிகள் கொண்ட அளவில் எண் கொடுப்பார். அந்த எண்கள் துளையிட்ட காகித நாடாவில் ஏறும். பிரிண்டர் அதைப் படித்து ஷாட்டுக்கு ஷாட் ஒளியை மாற்றி பிரதி எடுக்கும். ஒளிப்பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்ல, மீண்டும் பிரதி எடுத்து, கடைசியில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ கைக்கு வரும்.

இதில் ஒரு பெரிய தடை இருந்தது. மூன்று விளக்குகளும் பிரேம் முழுவதையும் ஒரே சீராகத்தான் மாற்றும். காசிமேட்டு இரவுக் காட்சி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சாலையில் சோடியம் விளக்கின் ஆரஞ்சு, கிடங்கு வாசலில் மெர்க்குரி விளக்கின் பச்சை, டீக்கடையில் டியூப்லைட். ஆரஞ்சைத் தணிக்க நீலத்தைக் கூட்டினால் டீக்கடையில் நிற்பவரின் முகமும் நீலம் பாய்ந்துவிடும். கறுத்த தோலின் மென்மையான நிறபேதங்கள் இதில் முதலில் அடிபட்டன. எனவே படப்பிடிப்புத் தளத்திலேயே ஃபில்டரையும் ஜெலட்டின் தாளையும் வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை ஒளிப்பதிவாளர்களின் திறமை இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

இந்தத் தடைக்கு விடை கணினியில் கிடைத்தது. 2000-இல் கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தில் ரோஜர் டீக்கின்ஸ், மிசிசிப்பியின் கோடைப் பச்சையைக் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். நெகட்டிவ் முழுவதையும் ‘ஸ்பிரிட் டேட்டாசினி’ என்ற கருவியில் ஸ்கேன் செய்து, கணினியில் நிறம் திருத்தி, மறுபடி ஃபிலிமில் பதித்தார்கள். இதுவே டிஜிட்டல் இன்டர்மீடியட், சென்னை வழக்கில் ‘டிஐ’. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் டிஐ வேரூன்றியது. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் ஒரு படி மேலே போய் 2004-இல் ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டல் கேமராவிலேயே எடுத்தார்.

டிஐ என்றதும் வண்ணச் சக்கரங்களும் டிராக்பாலும் நினைவுக்கு வரும். உண்மையில் தொடக்க காலத்தின் பெரிய சவால், படத்தைத் தடையின்றி ஓட்டிக் காட்டும் பிளேபேக்தான். 2கே அளவில் ஸ்கேன் செய்த ஒரு பிரேம் ஏறத்தாழ 12.5 எம்பி. நொடிக்கு 24 பிரேம் என்றால் வட்டிலிருந்து நொடிக்கு 300 எம்பி தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள், மொத்தம் சுமார் 2.7 டிபி. அன்றைய ஒற்றை ஹார்ட் டிஸ்கால் அந்த வேகத்துக்கு அருகில்கூட வர முடியாது. பல டிஸ்குகளை இணைத்த அடுக்குகளும் தனி வன்பொருளும் தேவைப்பட்டன. அதனால்தான் டிஐ அறை சில பெரிய நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தது. அந்தச் செலவுக்குப் பலனும் கிடைத்தது. முகத்தைச் சுற்றி ‘விண்டோ’ போட்டு அதை மட்டும் காப்பாற்றலாம், சோடியம் ஆரஞ்சை மட்டும் ‘கீ’ செய்து தனியே தணிக்கலாம்.

2009-இல், நிறத் திருத்தக் கருவிகளைத் தயாரித்த டாவின்சி நிறுவனத்தை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. லட்சக்கணக்கான டாலர் விலையில் இருந்த அதன் ‘ரிசால்வ்’, 2010-இல் 995 டாலர் மென்பொருளாக வந்தது. மறு ஆண்டு இலவசப் பதிப்பும் வந்தது. ஃபிலிமின் காலமும் முடிந்துகொண்டிருந்தது: 2012-இல் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது, 2013-இல் ஃபூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. அதே 2012-இல் சென்னையின் பிரசாத் நிறுவனம், ‘ஸ்பிரிட்’ கருவியின் வாரிசான ஜெர்மனியின் டிஎஃப்டி நிறுவனத்தை வாங்கியது. தமிழ்த் தொழில்நுட்ப வரலாற்றில் பெருமையோடு பதிய வேண்டிய செய்தி இது.

திரையரங்கிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. செந்தில் குமாரும் ஜெயேந்திராவும் நடத்திய ரியல் இமேஜ் நிறுவனத்தின் ‘க்யூப்’ சர்வர்கள், 2000-களின் நடுவிலிருந்து ஃபிலிம் பெட்டிகளின் இடத்தைப் பிடித்தன. பிரிண்ட்டில் கோடு விழுவதும், ஓட ஓட நிறம் மங்குவதும் ஒழிந்தன. ஆனால் தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற ஒற்றைத் திரைகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1967-இல் திறந்த அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு வடசென்னையின் குத்துச்சண்டை மரபைச் சொன்ன ‘சார்பட்டா பரம்பரை’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. திரையரங்கின் அகன்ற நிறவெளியும் வீட்டு டிவியின் நிறவெளியும் வேறு வேறு. அந்தப் படத்தைப் பெரும்பாலோர் டிவியிலும் கைபேசியிலும்தான் பார்த்தார்கள்.

‘சார்பட்டா’வுக்கும் 2014-இன் ‘மெட்ராஸ்’ படத்துக்கும் இயக்குநர் பா.ரஞ்சித், ஒளிப்பதிவாளர் ஜி.முரளி. ‘மெட்ராஸ்’ தன் குடியிருப்பைப் பகல் வெளிச்சத்தில் துணிந்து காட்டியது. சுவர் ஓவியம், கொடி, துணிமணி என வண்ணங்கள் அங்கே உயிரோடு இருந்தன. ‘சார்பட்டா’ 1970-களுக்காக மண் நிறத்துக்கு நகர்ந்தது. கதை கேட்ட நிறம் அது. சிக்கல் அதற்குப் பின் வந்தது. எந்தக் காலத்துக் கதையானாலும் வடசென்னை என்றால் அழுக்கு மஞ்சளும் பழுப்பும் என்பது ஒரு சூத்திரமாகிவிட்டது. விலை மலிந்த கருவி, ஆயத்த நிற அமைப்பான ‘லட்’ ஒன்றை ஒரே சொடுக்கில் ஏற்றிவிடுகிறது. இது கருவியின் குற்றம் அல்ல, கவனக் குறைவு.

இந்தப் பகுதிக்கு ஒரே நிறம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட வரை ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் படிந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் அது நின்று, நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. ஆக 2000-த்தின் ராயபுரமும் 2015-இன் ராயபுரமும் திரையில் ஒன்றாகத் தெரிந்தால் அது வரலாற்றுப் பிழை. எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் படிந்த வெளிர் நிறம் வேறு, மணலி ஆலையின் தீக்கொழுந்து இரவு வானில் பூசும் செம்மஞ்சள் வேறு.

இந்த வேறுபாடுகளைச் சான்றோடு எழுத, லேப் காலத்து விளக்குப் புள்ளி அட்டைகளும் டிஐ திட்டக் கோப்புகளும் வேண்டும். படம் வெளியானதும் அவற்றை அழித்துவிடாமல், நெகட்டிவுக்குத் தரும் மதிப்போடு தயாரிப்பாளர்களும் ஒளிப்பதிவாளர்களும் கலரிஸ்டுகளும் பாதுகாத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.