அரிட்டாபட்டி: பல்லுயிர்த் தலமும் டங்ஸ்டன் ஏலமும்

அரிட்டாபட்டி, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் கழிஞ்சமலை முதலிய குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இங்கேதான் உள்ளது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களிலும் சேர்ந்து 193.215 ஹெக்டேர் நிலத்தை மாநில அரசு 2022 நவம்பர் 22 அன்று அவ்வாறு அறிவித்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணப் படுக்கைகள், குடைவரைச் சிவன் கோயில் ஆகியவற்றோடு சுனைகளும் கண்மாய்களும் இங்கே உண்டு. லகர் வல்லூறு உள்ளிட்ட சுமார் 250 பறவை இனங்களும், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவையும் பதிவாகியுள்ளன. குன்றில் ஊறும் நீர் கண்மாய்க்கு வந்து வயலுக்குப் பாய்வதால், இங்கே மலையைக் காப்பதும் வேளாண்மையைக் காப்பதும் ஒன்றே. மேலூர் வட்டாரத்தின் கிரானைட் குவாரி முறைகேடுகளை ஆராய உயர் நீதிமன்றம் 2014-இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை அமர்த்த நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இந்த அறிவிப்பின் அருமை புரியும்.

ஆனால் அந்த அறிவிப்பு காத்தது எவ்வளவு? நாடாளுமன்றம் இயற்றிய பல்லுயிர்ச் சட்டம் (2002), உள்ளாட்சிகளைக் கலந்து இத்தகைய தலங்களை அறிவிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு அளிக்கிறது. அதே நாடாளுமன்றம் 1957-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தை 2023-இல் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. ஒரு சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட நிலத்தை இன்னொரு சட்டத்தின் கீழ் ஏல வரைபடத்தில் சேர்க்கத் தடை ஏதும் இல்லை. அரிட்டாபட்டிச் சிக்கலின் வேர் இதுதான்.

2024 நவம்பர் 7 அன்று, அரிட்டாபட்டித் தலமும் அடங்கிய, 2015.51 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானது. எதிர்ப்பு கிளம்பியதும், அதை ரத்து செய்யக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுஆய்வு செய்வதாக மத்திய அரசு முன்வந்ததை ஊர்கள் ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை விவசாயிகள் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

தலம் ஏலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதானே என்பது சுரங்க எதிர்ப்புக்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு. நீர்வரத்துக்கு அரசிதழ் எல்லை தெரியாது. சுற்றிலும் அகழ்ந்துவிட்டு நடுவில் குன்றை மட்டும் நிறுத்தினால் சுனை நிலைக்காது. மாநில அரசு உரிய காலத்தில் தடுக்கவில்லை என்பது இரண்டாவது. தலம் இருப்பதைச் சொன்ன மாநில அரசு ஏலம் வேண்டாம் என்று பரிந்துரைக்கவில்லை என மத்திய அரசு விளக்கியது. இது மாநில நிர்வாகத்தின் மீதான நியாயமான குறையே. எனினும் தலம் இருப்பதை அறிந்தே ஏலம் நடந்தது என்பதையும் அதே விளக்கம் ஒப்புக்கொள்கிறது. உலக டங்ஸ்டன் உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவிடம் இருக்கையில் நமக்குச் சுரங்கம் வேண்டாமா என்பது மூன்றாவது, வலுவானதும் கூட. தூய ஆற்றலுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் கனிமங்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் டங்ஸ்டனின் முதன்மைப் பயன் வெட்டுக் கருவிகளில்தான். பசுமையின் பெயரால் அதற்குத் தனிச் சலுகை கேட்க முடியாது. தேவை உண்மையானால், எந்த இடத்தில் தோண்டக் கூடாது என்பதை முதலில் வரையறுப்பதே அதை நிறைவேற்றும் வழி.

ஏலத்தை ரத்து செய்தது மக்கள் அழுத்தத்துக்கு இணங்கிய நிர்வாக முடிவே. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. அதன்பின் 2025 செப்டம்பரில், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. பல்லுயிர்த் தலங்களை ஏல வரைபடத்தில் சேர்க்கக் கூடாது என்று சுரங்கச் சட்டத்திலேயே எழுதாதவரை, அரிட்டாபட்டி பெற்றது வெற்றிதான், பாதுகாப்பு அல்ல.