கத்திச்சண்டைப் படமும் ஜானபதமும்

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நாராயணவனம் போன்ற எல்லையூர்களை நோக்குவார்க்கு ஒரு சொற்சிக்கல் புலனாகும். 1951இல் விஜயா நிறுவனம், கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் 'பாதாள பைரவி'யை இருமொழியிலும் வெளியிட்டது. தோட்டக்காரன் மகன் மந்திரவாதியை வென்று இளவரசியை மணக்கிறான். பிறப்பு மறுத்ததைத் துணிவு தருகிறது. இவ்வகைப் படங்களின் கவர்ச்சி இதுவே. தெலுங்கில் இவை 'ஜானபதம்'; தமிழில் 'ராஜா ராணி படம்', 'கத்திச்சண்டைப் படம்'. முன்னது கதையின் ஊற்றையும், பின்னது ரசிகன் காத்திருக்கும் காட்சியையும் சுட்டுகின்றன. வசனத்தில் முழங்குவது 'வாள்'. கொட்டகை வழக்கிலோ 'கத்தி'. தெலுங்கில் வாளும் 'கத்தி'யே என்பது நோக்கத்தக்கது. 'ஜானபத'த்தை 'நாட்டுப்புறப் படம்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. தமிழ் வாசகன் ஏரையும் வயலையும் எதிர்பார்ப்பான். அவனுக்குக் கிடைப்பதோ கோட்டையும் குகையும்.